இரண்டாவது ரன்

கிரிக்கெட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால், அவன் வீட்டு வாசலில் போய் நின்று பொழுது சாயும்வரை திட்டிவிட்டு வருவேன். அந்த விளையாட்டின்மேல் எனக்கு அவ்வளவு பாசம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் தூக்கத்திலும் பேட் பிடிப்பார். முழங்கை என் விலாவில் வந்து இறங்கும். காலையில் கேட்டால், "நல்ல பந்து அது, விட்டிருந்தா ஸ்டம்பு போயிருக்கும்" என்பார். என் விலா போனதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

மைதானத்தில் அவருக்கு உடும்பு என்று பெயர். நின்றால் நின்றதுதான். பந்தை அடிக்காமல் கட்டை போட்டே வீசுகிறவனை அழவைத்துவிடுவார். அவருடைய தம்பிக்கு ரேடியோ என்று பெயர். அவன் விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் குந்தினால் வாய் மூடாது. ஆடுகிறவன் ஷூவைக் கிண்டல் பண்ணுவான், தொப்பையைக் கிண்டல் பண்ணுவான், நேற்று அவன் அவுட்டான கதையைக் கேட்பான். ஆடுகிறவன் கவனத்தைக் கலைப்பதும் கீப்பருடைய வேலையில் ஒரு பாதியாம். சம்பளம் கொடுக்காவிட்டாலும் இவன் அந்தப் பாதியைச் செய்வான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அதே கதைதான். "அண்ணா, அந்தத் தண்ணிய இப்படித் தள்ளு. அண்ணா, நேத்து அந்தப் பந்தை நீ தொட்டிருக்கவே கூடாது. அண்ணா, அண்ணி மூஞ்சியப் பாரு, கோபமா இருக்காங்க." எழுந்திருப்பதற்குள் நூறு அண்ணா வந்துவிடும். இவர்கள் சின்னவர்களாக இருக்கும்போதே மாமனார் போய்விட்டார். அதனால் அவனுக்கு அப்பா, அண்ணன் இரண்டுமே இவர்தான்.

தம்பி நாட்டு அணிக்குள் போனான். அண்ணன் போகவில்லை. எத்தனை வருஷம் ஆடினாலும், எவ்வளவு ரன் எடுத்தாலும், தேர்வுக்குழுவில் இருந்த ஆள் இவர் தோளைத் தட்டி, "அடுத்த தடவை பாக்கலாம்ப்பா" என்பார். ஒரே ஒரு தடவை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே போய் ஆடுகிறவர்களுக்குத் தண்ணீரும் காய்ந்த கையுறையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். "என்னங்க, இதுக்கு ஹோட்டல்ல சர்வரா சேர்ந்திருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். அப்புறம் குளியலறைக்குள் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், என்ன செய்வது.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு நாட்டிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. அங்கே வந்து குடியேறினால், தகுதி வந்த பிறகு அந்த நாட்டுக்கே ஆடலாம் என்றார்கள். நாடு மாறுவது என்றால் சட்டை மாற்றுவது மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அந்த மண்ணில் தொடர்ந்து சில வருஷம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இத்தனை நாளுக்கு மேல் வெளியே போகக் கூடாது. போனால் அந்த வருஷம் கணக்கில் சேராது. இளவட்டங்களுக்கு ஒரு வருஷம் போனால் போகிறது. முப்பதைத் தாண்டிய பேட்ஸ்மேனுக்கு ஒரு வருஷம் என்பது பாதி ஆயுசு.

புறப்படும்போது மாமியார் வாசலோடு நின்றுகொண்டார். ரேடியோதான் பேசிக்கொண்டே வந்தான். "அண்ணா, நீ போய் அந்த டீமுக்கு ஆடு. என்னைக்காவது நமக்கு எதிரா வருவ இல்ல, அப்ப உன் காதுல ரத்தம் வரவரைக்கும் பேசுறேன்." விமான நிலையத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி இவர் சிரித்தார்.

புது ஊரில் எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. பெரிய மெஷினிலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து, உதறி, மடித்து அடுக்க வேண்டும். என்னோடு மடிக்கிறவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை அரைகுறை. ஆனால் விரிப்பை உதறுகிற வேகத்திலேயே அவளுக்கு வீட்டில் சண்டையா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். இவர் கிளப்பில் மைதானம் பார்த்துக்கொண்டார். விடிந்ததும் புல் வெட்டுவார், ரோலர் இழுப்பார், பேட்ஸ்மேன் நிற்கிற கிரீஸுக்கு வெள்ளைக் கோடு போடுவார். மத்தியானம் அதே கோட்டில் நின்று பயிற்சி. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றினால் புல் வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து வரும். மடித்து மடித்துக் காய்த்துப்போன என் கையும், ரோலர் இழுத்துக் காய்த்துப்போன அவர் கையும் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

தகுதிக் கணக்கின் கடைசி வருஷத்தில் மாமியார் நோயில் படுத்துவிட்டார். இவர் ஊருக்கு ஓடினார். அனுமதித்த நாளெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா தேறி, எழுந்து நடமாடின பிறகுதான் திரும்பி வந்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறேன், மேற்பார்வைக்காரி வந்து தோளைத் தொடுகிறாள். வாசலில் இவர் நிற்கிறார், ஷூவில் புல் ஒட்டியிருக்கிறது.

"அம்மா போயிட்டாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து நான்தான் பெட்டியை எடுத்து வைத்தேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷத்துக்கான நாளெல்லாம் செலவாகிவிட்டது. இப்போது விமானம் ஏறினால் வருஷம் போச்சு, வருஷம் போனால் கிரிக்கெட் போச்சு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் அந்தப் பக்கம் ரேடியோ. "அண்ணா, எப்ப வர? அண்ணா, உனக்காகத்தான் அம்மாவ வெச்சிருக்கோம். அண்ணா, ஏதாவது சொல்லு அண்ணா."  நான் போனைப் பிடுங்கி, "வந்துடுவாரு தம்பி" என்றேன். வரவில்லை. என்ன சொல்லித் திட்டியும் அந்த மனிதர் நாற்காலியை விட்டு அசையவில்லை. உடும்பு என்று பெயர் வைத்தவனைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ரேடியோ ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். குரலில் அழுகைகூட இல்லை. "இனிமே உன்னை நான் அண்ணான்னு கூப்பிட மாட்டேன். எனக்கு அண்ணன் கிடையாது." வைத்துவிட்டான். அதன்பிறகு இவர் எத்தனை தடவை அழைத்தாலும் எடுக்கவில்லை. வீட்டில் நானும் சில நாள் இவரோடு பேசவில்லை. அப்புறம் பேசினேன். இவர் உடம்பு பாதியாகிவிட்டது, எப்படிப் பேசாமல் இருப்பது.

தகுதி வந்தது. பாஸ்போர்ட் நிறம் மாறியது. புது நாட்டின் கீதத்தைச் சமையலறையில் நின்று மனப்பாடம் செய்தார். ஒரு வரியை எப்போதும் விட்டுவிடுவார், நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அணியில் பெயர் வந்தபோது, முதல் ஆட்டமே பழைய நாட்டோடு என்று போட்டிருந்தது. பழைய நாட்டுக்காரர்கள் போனில் துரோகி, அரிசிக்கு விலை போனவன் என்றெல்லாம் எழுதினார்கள். அவரை ஒருநாளும் ஆட விடாதவர்களும் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிப் போட்டேன், கண்ணாடி விரிசல் விட்டதுதான் மிச்சம். இவர் அதையெல்லாம் படிக்கவேயில்லை.

"தம்பிதானே கீப்பர்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா."

"நான் நின்னா அவனும் என் பின்னாடியே நிக்கணும். எவ்வளவு நேரம்தான் வாயை மூடிட்டு இருப்பான்? அவனால முடியாது, எனக்குத் தெரியும்."

"ரன் எடுக்கணும்னு நினைப்பு இல்லையா உங்களுக்கு? இந்த ஆட்டத்துல நல்லா ஆடினாதான் ரெண்டு வருஷம் ஒப்பந்தம்னு கோச் சொன்னாருல்ல?"

"அதுவும்தான்" என்றார். அந்த 'அதுவும்' போதும் எனக்கு. அவர் எதற்காக மட்டை எடுத்துக்கொண்டு போகிறார் என்று புரிந்துவிட்டது.

ஆட்டத்தன்று வேலையை மாற்றிக்கொண்டு போனேன். வீரர்களின் குடும்பத்துக்கு என்று ஒதுக்கியிருந்த வரிசையில் உட்கார்ந்தேன். முதலில் பழைய நாடு ஆடியது. ரேடியோ பேட் செய்தபோது என் வீட்டுக்காரர் எல்லைக்கோட்டருகே நின்றார், இவர் பக்கம் பந்தே வரவில்லை. அப்புறம் எங்கள் முறை. இரண்டு விக்கெட் விழுந்ததும் இவர் இறங்கினார். நடந்துபோகிற நடையிலேயே தெரிந்தது, பார்வை பந்து வீசுகிறவன்மேல் இல்லை.

அதுவரை ரேடியோ பேசிக்கொண்டிருந்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் தாடை ஆடுவது தெரிந்தது. இவர் வந்து கோட்டில் நின்றதும் தாடை நின்றுவிட்டது. எதிர்முனையில் இருந்தவன் ஆட வந்தால் மறுபடி பேச்சு, சிரிப்பு, கைத்தட்டல். இவர் வந்தால் மௌனம். ஒரு ஓவருக்குள்ளேயே ரேடியோவைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து விளையாடுகிற மாதிரி இருந்தது. 

இவர் கட்டை போட ஆரம்பித்தார். அடிக்க வேண்டிய பந்தையும் அடிக்கவில்லை. ஒரு ரன் ஓடினால் அந்த முனைக்குப் போய்விட வேண்டுமே, தம்பி பக்கத்திலிருந்து நகர வேண்டுமே. என் பின்வரிசையில் ஒருத்தர், "என்ன இந்த ஆளு, குடித்தனம் பண்ண வந்தாரா இங்கே?" என்றார். எங்கள் பாஷைதான். நான் திரும்பி, "ஆமா, பண்ணத்தான் வந்திருக்காரு, உங்களுக்கு என்ன?" என்றேன்.  ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. இவர் மட்டும் அப்போதைக்கப்போது கையுறையைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் திரும்பி ஏதோ சொன்னார். ரேடியோ தரையைப் பார்த்தான்.

கடைசியில் எதிர்முனைக்கு நெட்டை ஆட வந்தான். நெட்டை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிற பையன், இந்த ஊர்க்காரன். வா, இரு, போதும் என்று மூன்று வார்த்தை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் இவரிடம் வந்து ஏதோ கையை ஆட்டிப் பேசினான். அதன்பிறகுதான் இவருக்கு உறைத்ததோ என்னவோ, மட்டையைச் சுழற்றினார். நாலு, நாலு, இரண்டு என்று வந்தது. முணுமுணுத்த கூட்டமெல்லாம் எழுந்து நின்றது. நானும் எழுந்துவிட்டேன். மனிதர் இப்படி ஆடுவார் என்பதை நானே மறந்திருந்தேன்.

கடைசி ஓவருக்கு முந்தின ஓவர். பந்தை மூலைக்குத் தட்டிவிட்டு ஓடினார். ஒரு ரன் முடிந்தது. நெட்டை "வா" என்று தமிழிலேயே கத்தினான். இவர் திரும்பி இரண்டாவது ரன்னுக்கு, தம்பி நிற்கிற முனையை நோக்கி ஓடி வந்தார். எல்லையிலிருந்து பந்து காற்றில் வருகிறது. ரேடியோ ஸ்டம்புக்குப் பக்கத்தில் கையை விரித்து நிற்கிறான். இவர் சுலபமாக உள்ளே வந்துவிடுவார், எனக்கே தெரிந்தது.

"அண்ணா."

ஸ்டம்பில் இருக்கிற மைக் அதைப் பிடித்து மைதானம் முழுக்கப் போட்டது. சாலையைக் கடக்கிறவனை லாரி வருகிறது என்று கூப்பிடுகிற குரல். இவர் நின்றுவிட்டார். ஓடி வந்த ஆள், கோட்டுக்கு மூன்று எட்டு இருக்கும்போது நின்று, தம்பி முகத்தைப் பார்த்தார். பந்து கையுறைக்குள் வந்து விழுந்தது. ரேடியோ ஸ்டம்பைத் தட்டி அவுட்டாக்கினான். மைதானமே கத்தியது, இவர்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

தோற்றுப்போனோம். நெட்டைதான் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டான். வழியில், "அண்ணா யாரு? அப்படி ஒரு ஃபீல்டர் இருக்கானா?" என்று கேட்டான். மூத்த சகோதரன் என்று நான் சொன்னதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அப்புறம் விஷயத்தைச் சொன்னான். ஓடுகிறவனை ஏமாற்றக் குரல் கொடுத்தால் அவுட் இல்லை என்று விதி இருக்கிறதாம். எங்கள் கேப்டன் மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்து இவரிடம், அவன் என்ன கத்தினான், புகார் கொடுக்கட்டுமா என்று கேட்டாராம். அம்பயருக்குத் தமிழ் தெரியாது, இவர் சொன்னால்தான் உண்டு. இவர், "ஒண்ணுமில்ல, பழக்கதோஷத்துல கூப்பிட்டான்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் தட்டில் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார். மாமியார் போனதிலிருந்து அப்படிச் சாப்பிட்டதில்லை. "கூப்பிட்டான் பாத்தியா" என்றார். "ஆமாங்க, கூப்பிட்டான்" என்றேன். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று நானேதான் சொன்னேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் சமைத்து எடுத்துக்கொண்டு தம்பி தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை. கையோடு அவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தலாம் என்று ஆசை. கீழே கூடத்தில் பெட்டிகள் வரிசையாக இருந்தன, பஸ் வந்து நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் ரேடியோ எழுந்து வந்தான். தூங்காத முகம்.

"வா தம்பி. அண்ணன் காத்துக்கிட்டிருக்காரு. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"அண்ணி, அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? தம்பி கூப்பிட்டான், கூப்பிட்டான்னு குழந்தை மாதிரி சொல்லிக்கிட்டே இருக்காரு."

அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. "அவரை நிறுத்தத்தான் அண்ணி கூப்பிட்டேன். வாய் தவறி வரல. பந்து நேரத்துக்கு வந்து சேராதுன்னு தெரிஞ்சுது. அப்படிக் கூப்பிட்டா நிப்பாருன்னும் தெரியும். யோசிச்சுத்தான் கூப்பிட்டேன்."

என் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை.

"அம்மா செத்துக் கிடந்தப்ப எத்தனை தடவை கூப்பிட்டேன் போன்ல. தொண்டை கட்டிப் போச்சு. அதுக்கு வராத மனுஷன், நேத்து ஒரே வார்த்தைக்கு நின்னுட்டாரு அண்ணி. ஓடியிருக்கலாம்ல? ஏன் நின்னாரு?" அத்தனை பேர் நடுவில் அழுதான். "நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

"நல்லா இரு தம்பி" என்றேன். அவனை அடிக்கவும் கை வந்தது, அணைக்கவும் கை வந்தது. ஒன்றையும் செய்யவில்லை. கொண்டுபோன சாப்பாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். இவரிடம், கடைக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன்.

இவரை அதற்குப் பிறகு அணியில் சேர்க்கவில்லை. மந்தமாக ஆடுகிறார், ரன் ஓடத் தெரியவில்லை, வயதும் ஆகிவிட்டது என்றார்கள். அவ்வளவு வருஷம் காத்திருந்து, அம்மா முகத்தைக் கடைசியாக ஒரு தடவைகூடப் பார்க்காமல் கிடந்து, ஆடியது ஒரே ஆட்டம். கிளப்பில் மைதான வேலை மட்டும் தொடர்ந்தது. அந்த 'அண்ணா' மட்டும் ஊரெல்லாம் போயிற்று. ஆளாளுக்குப் போனில் போட்டு, இதுதான் பாசம் என்று எழுதினார்கள். சலவைக்கூடத்தில் என்னோடு மடிக்கிறவள்கூடக் காட்டினாள். நான் விரிப்பை உதறிய உதறலில் அவள் முனை கையைவிட்டுப் போயிற்று.

இவர் வாராவாரம் விடுமுறையன்று காலையில் தம்பியை அழைப்பார். அவன் எடுக்க மாட்டான். "கூச்சப்படுறான். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்பார். நான் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன். பல வாரம் அப்படியே பொறுத்துக்கொண்டேன். ஒருநாள், புது நாட்டின் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புல் வெட்டுகிற மெஷினின் பிளேடைத் துடைத்தபடியே, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"வைங்க போனை. அவன் பாசத்துல கூப்பிடல. உங்களை நிறுத்தத்தான் கூப்பிட்டான். அவனே என்கிட்ட சொன்னான்."

சொன்ன பிறகு என் நாக்கையே அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது. இவர் பிளேடைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்? எப்பத் தெரியும்?"

"அவன் கூப்பிடுறப்பவே. எதிர்லதானே ஓடி வந்தேன், முகம் தெரியாதா? கீப்பர் போடுற சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா நின்னீங்க? அவ்வளவு வருஷத்தையும் அந்த இடத்துல கொட்டிட்டா நின்னீங்க?"

துணியை மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் எடுப்பார் யாருமில்லாமல் போனில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

"வேற எதுக்கு அவன் என்னை அண்ணான்னு கூப்பிடப் போறான்?" என்றார்.